நாலு மாசம், வயிறு தெரியல. பஸ்ல சீட் கேக்குறது எப்பிடி?

நோர்வுட் ரோட்டு மிஸ்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிக்க மட்டும் வர்ற ஆள் நான், இன்னைக்கு தான் எழுதுறேன். எனக்கு நாலு மாசம், தலைச்சன். டிக்கோயால இருந்து பொகவந்தலாவ பக்கம் ஒரு ஸ்கூலுக்கு படிச்சு குடுக்க போறேன், காலைல பஸ் தான், வேற வழி இல்ல, த்ரீவீல்ல தினமும் போனா சம்பளம் அதுக்கே சரி. சாரி கட்டுறதால வயிறு ஒன்னும் தெரியாது, பாக்குறவங்களுக்கு நான் சும்மா ஒரு டீச்சர் அவ்ளோ தான். ஆனா ஒரு கையால மேல கம்பிய புடிச்சிக்கிட்டு மத்த கையில பேக்கும் திருத்துற கொப்பி கட்டும் வச்சிக்கிட்டு அந்த முடக்குல பஸ் சாயும்போது நிக்கிறது இருக்கே, எனக்கு தான் தெரியும். காலைல சாப்பிட்டது தொண்டை வரைக்கும் வந்துட்டு போகும். பேக்ல எப்பவும் சொப்பிங் பேக் ஒன்னு மடிச்சு வச்சிருக்கேன்.

கர்ப்பிணித் தாய்மாருக்குன்னு எழுதின சீட் இருக்கு தான். ஸ்டிக்கர் பாதி உரிஞ்சு போச்சு. அதுல அநேகமா ஆஸ்பத்திரிக்கு போற வயசான அம்மா யாராவது இருப்பாங்க, முழங்கால புடிச்சிக்கிட்டு. அவங்கள எழும்புங்கன்னு சொல்ல எனக்கு வாய் வராது. மத்த சீட்ல எல்லாம் டவுன்ல ஏறும்போதே ஜன்னல் வழியா லேஞ்சி போட்டு புடிச்ச ஆளுங்க.

இன்னொன்னு, எங்க மாமி அஞ்சு மாசம் முடியாம வெளிய யாருக்கும் சொல்லக்கூடாது, கண்ணூறு படும்னு சொல்லி வச்சிருக்காங்க. அந்த பஸ்ல போறதெல்லாம் என் கிளாஸ் புள்ளைங்களோட அம்மா அப்பா தான். நான் வாயத் திறந்து சொன்னா ஸ்கூல் கேட்டுக்கு போறதுக்குள்ள மூணு தோட்டத்துக்கு தெரிஞ்சிரும். அவர் சொல்றார் கண்டக்டர்கிட்ட சொல்லுன்னு, கண்டக்டர் சத்தமா கத்தினா என்ன செய்றது? சீட் கேட்டு வாங்குறது மரியாதை தானா, கேட்டா எப்பிடி கேக்குறது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


கொட்டகலையான்:

கேக்குறது மரியாத கேடு இல்ல மிஸ். ஆனா அந்த ஸ்டிக்கர் ஒட்டின சீட்டையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அதுல இருக்குற பெரியம்மாவுக்கும் இடம் வேணும் தானே. உங்களுக்கு ஒரு சீட் வேணும், அந்த சீட் தான் வேணும்னு இல்ல. பக்கத்துல வாட்டசாட்டமா ஒரு பொடியன் ஹெட்செட் மாட்டிக்கிட்டு இருப்பான் பாருங்க, அவன்கிட்ட "தம்பி எனக்கு உடம்புக்கு சரியில்ல, கொஞ்சம் இருக்க இடம் தாறீங்களா" அவ்ளோ தான். காரணம் சொல்லணும்னு எந்த சட்டத்துலயும் இல்ல. நூத்துக்கு தொண்ணூறு பேர் டக்குனு எழும்பிருவாங்க, மலைநாட்டு பொடியன்கள் அந்த விஷயத்துல மோசம் இல்ல, கேட்டாத்தான் கேக்கும் அவ்ளோ தான், ஹெட்செட்ட கழட்ட சொல்லணும் முதல்ல.


சில்லற தாங்க:

நான் ஹட்டன் பக்கம் தனியார் பஸ்ல கண்டக்டர். பேர வச்சே தெரிஞ்சிருக்கும். மிஸ் பயப்படுற மாதிரி எல்லா கண்டக்டரும் கத்த மாட்டோம், ஆனா கத்துறவங்களும் இருக்காங்க, அத மறைக்க வேண்டியதில்ல. எனக்கு தெரிஞ்ச முறைய சொல்றேன்.

முதல் விஷயம், முன் கதவால ஏறுங்க. பின் கதவால ஏறினா முன்னுக்கு வர்றதுக்கே பாதி வழி போயிரும், நான் உங்கள கண்டுக்கவும் மாட்டேன், ஏன்னா நான் அந்த நேரம் ஃபுட்போர்ட்ல தொங்குறவங்கள உள்ள தள்ளிக்கிட்டு இருப்பேன். முன் கதவுன்னா டிரைவர் கண்ணாடியில பாத்துருவார். ரெண்டாவது, டிக்கட் காசு குடுக்கும்போது மெதுவா சொல்லுங்க. காசு கைமாறுற நேரம் நான் எப்பிடியும் குனிஞ்சு தான் நிப்பேன், பக்கத்துல உள்ளவங்களுக்கு டிக்கட் காசு கதைக்கிற மாதிரி தான் இருக்கும். "கிளினிக் போற ஆள்" னு ஒரு வார்த்தை போதும், எங்களுக்கு விளங்கிரும். பிறகு நான் பொதுவா பாத்து ஒரு பொடியன தட்டி "மல்லி, பொட்டக் நகிட்டின்ன" இல்லாட்டி "தம்பி எழும்பு" னு சொல்லுவேன், யாருக்காகன்னு சொல்ல மாட்டேன். எழும்பின இடத்துல மிஸ்ஸ இருக்க சொல்லுவேன். டீச்சர்னு மரியாதைக்கு குடுத்ததுன்னு தான் பஸ்ல உள்ள சனம் நினைக்கும். மாமிக்கும் பிரச்சினை இல்ல.

மூணாவது, ஒரே பஸ்ல ஒரே நேரத்துக்கு போனீங்கன்னா ஒரு நாள் சொன்னா போதும், அடுத்த நாள் அவனே பாத்துக்குவான். ஒரு வாரத்துல டிரைவரும் உங்க ஹோல்ட்ல மெதுவா நிப்பாட்ட பழகிருவார்.

முன்னுக்கு மதகுருமார் சீட் காலியா இருக்கேன்னு அதுல போய் இருந்துறாதீங்க. இருக்கக்கூடாதுன்னு இல்ல, ஹாமுதுரு, அதான் பௌத்த பிக்கு, இல்லாட்டி யாரும் இருக்கலாம், நாங்களே இருத்துவோம். ஆனா வழியில ஹாமுதுரு ஒருத்தர் ஏறினா பக்கத்துல பொம்பள ஆள் இருக்குறதில்ல, நீங்க எழும்ப வேண்டி வரும், அப்ப வேற சீட் எல்லாம் நிறைஞ்சிருக்கும். ஒரு தடவை ஒரு வயசான ஹாமுதுரு புள்ளத்தாச்சி ஒருத்தர பாத்து கைய காட்டி இருங்க இருங்கன்னு சொல்லிட்டு தானே கம்பிய புடிச்சிக்கிட்டு நின்னார், ஆனா பின்னுக்கு இருந்த சனத்துக்கு அது பொறுக்கல, நாலு பேர் எழும்பி அவருக்கு இடம் குடுத்தாங்க. அந்த நாலு பேரும் அதுவரைக்கும் அந்த புள்ளைக்கு எழும்பல, அத தான் நான் பாத்தேன்.

இன்னொன்னு, சிவனொளிபாதமலை சீசன் நேரம், அதாவது டிசம்பர் போயாவுல (பௌர்ணமியில) இருந்து மே வெசாக் வரைக்கும், மஸ்கெலியா நல்லதண்ணி பஸ் எதுலயும் ஏற யோசிக்க வேணாம், அதுல கண்டக்டருக்கே கால் வைக்க இடம் இல்ல.


சும்மா ஒரு ஆள்:

எல்லாரும் நல்லவங்க மாதிரி எழுதுறீங்க, நான் மத்த பக்கத்த சொல்றேன், திட்டாதீங்க. கொழும்புல நைட் ஷிஃப்ட் முடிச்சு ஹட்டன் பஸ்ல வர்றவனும் மனுசன் தானே. காசு குடுத்து, ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வந்து ஸ்டேண்ட்ல நின்னு புடிச்ச சீட். கித்துல்கல கிட்ட ஒருத்தர் ஏறி என் தலைக்கு மேல நின்னு பெருமூச்சு விட்டா நான் எழும்பணுமா? அதோட யாருக்கு எழும்புறதுன்னு எப்பிடி தெரியும்? எனக்கு பக்கத்துல இருந்த ஒருத்தர் நல்ல மனசோட ஒரு அக்காகிட்ட "எத்தன மாசம் அக்கா, இருங்க" ன்னார். அந்த அக்கா மாசமாவே இல்ல. கினிகத்தேன வரைக்கும் வாங்கிக் கட்டிக்கிட்டார் மனுசன். அதுக்கு பிறகு யாரு எழும்புவா?


ரெண்டு புள்ள அம்மா:

மேல எழுதின தம்பிக்கு. எழும்புறதுல பிழை இல்ல, அவர் வாயில தான் பிழை. எத்தன மாசம்னு எதுக்கு கேக்கணும்? சீட் குடுக்குறதுக்கு மாசக் கணக்கு தேவையா? சும்மா எழும்பி நின்னு "அக்கா இருங்க, நான் அடுத்த ஹோல்ட்ல இறங்குறேன்" னு சொல்லுங்க, இறங்காட்டியும் பரவாயில்ல, கொஞ்சம் பின்னுக்கு போய் நின்னுக்கங்க. அவங்க மாசமா இருந்தா சந்தோசம், இல்லாட்டி அவங்களுக்கு ஒரு சீட் கெடச்சிச்சு, யாருக்கும் வெக்கம் இல்ல. அதுவும் சொல்ல கூச்சமா இருந்தா ஒன்னும் சொல்லாம எழும்பி பேக்க எடுத்துக்கிட்டு நகருங்க. சீட் காலியா இருந்தா சனத்துக்கு தெரியும் என்ன செய்றதுன்னு.

நைட் ஷிஃப்ட் முடிச்சு வர்றவர் எழும்பியே ஆகணும்னு நான் சொல்ல மாட்டேன், உண்மையிலயே ஏலாம இருந்தா நீங்க இருங்க தம்பி. ஆனா தூங்குற மாதிரி நடிக்கிறவங்க ஒரு கூட்டம் இருக்கு பாருங்க, கண்ண மூடுவாங்க, டிக்கட் மிச்ச காசுக்கு மட்டும் கை நீளும். அவங்களுக்கு தான் இந்த கதை.

எனக்கு சீட் குடுக்காதவங்கள விட குடுத்துட்டு கதை கேட்டவங்க மேல தான் கோவம். இடம் குடுத்த ஒரு பெரியம்மா தலவாக்கலைல இருந்து லிந்துல வரைக்கும், எத்தனாவது, மூத்தது பொம்பளையா, இது என்னவாம், ஸ்கேன்ல சொன்னாங்களா, ஏன் ரெண்டுக்கும் இவ்ளோ இடைவெளி, மாப்புள வெளிநாட்டுலயா. வயித்துல கை வேற வைக்கிறது. சீட்டுக்கு வாடகை மாதிரி பதில் சொல்லிக்கிட்டு வந்தேன். நல்ல மனசு தான், இல்லன்னு சொல்லல, ஆனா சீட் குடுத்தா குடுத்ததோட விடுங்க.

மிஸ், மாமி சொல்றது அவங்க அன்புல சொல்றது. ஆனா கண்டக்டர் ஒருத்தருக்கும் உங்க ஸ்கூல் அதிபருக்கும் தெரிஞ்சா கண்ணூறு வராது.


கிளினிக்ல வேலை:

நான் எம்ஓஎச், அதான் சுகாதார வைத்திய அதிகாரி ஆபிஸ் பக்கம் வேலை செய்றவ, தோட்டத்து அம்மாமார தான் கூட பாக்குறது. இந்த நாலு மாச கதைய கேட்டதும் எழுதணும்னு தோணிச்சு, ஏன்னா நம்ம ஆளுங்க வயிறு பெருத்த பிறகு தான் கஷ்டம்னு நினைக்கிறாங்க. அப்பிடி இல்ல. வாந்தி, தலசுத்து, அசதி எல்லாம் கூடுதலா முதல் மூணு நாலு மாசத்துல தான், அப்ப வயிறு வெளிய தெரியாது. மாசமா இருக்கும்போது ரத்தக்குழாய் தளர்றதால பிரஷர் கொஞ்சம் எறங்கும், அசையாம நின்னுக்கிட்டே இருந்தா ரத்தம் கால்ல தேங்கி கண்ண இருட்டிக்கிட்டு வரும். ரத்தம் குறைவா இருந்தா இன்னும் மோசம். அதனால மிஸ், நிக்க வேண்டி வந்தா ஒரே மாதிரி நிக்காம குதிங்கால தூக்கி இறக்கிக்கிட்டு நில்லுங்க, வெறும் வயித்துல ஏறாதீங்க, ரெண்டு கிரேக்கர் பிஸ்கட்டாவது சாப்பிட்டுட்டு ஏறுங்க. கண் இருட்டினா வெக்கப்படாம அங்கயே குந்திருங்க, விழுறத விட அது நல்லம்.

நிக்கிறதே ஆபத்துன்னு பயப்படவும் வேணாம். பயம் விழுறதுலயும் வயித்துல அடி படுறதுலயும் தான். மூணு மாசம் வரைக்கும் கர்ப்பப்பை இடுப்பெலும்புக்குள்ள பாதுகாப்பா இருக்கும், அதுக்கு பிறகு மேல வரும். அதனால சீட் கம்பி, முன் சீட்டோட இரும்பு விளிம்பு, மத்தவங்க முழங்கை இதெல்லாம் பாத்துக்கணும். கொப்பி கட்டு பேக்க சீட்ல இருக்குற யார்கிட்டயாவது மடியில வைக்க குடுத்துருங்க, நம்ம பஸ்ல அதுக்கு யாரும் மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க, ரெண்டு கையும் கம்பியில இருக்கட்டும். சீட் கெடச்சா கடைசி சீட் வேணாம், அது பின் சில்லுக்கும் அங்கால தூக்கி தூக்கி போடும், நடுவுல இல்ல முன் பக்கத்துல இருங்க, வாந்தியும் குறையும். ஆக முன்னுக்கு கண்ணாடிக்கு நேரா இருக்குற சீட்டும் வேணாம், ப்ரேக் அடிச்சா புடிக்க ஒன்னும் இருக்காது.

அடி பட்டாலோ விழுந்தாலோ வலி இல்லாட்டியும் அன்னைக்கே போய் காட்டுங்க. ரத்தம் பட்டாலோ தண்ணி போனாலோ வயிறு இறுகி வலிச்சாலோ பஸ்ஸ பாத்துக்கிட்டு நிக்க வேணாம், 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அடிங்க, காசு இல்ல. கிளினிக் கார்ட் எப்பவும் பேக்ல இருக்கட்டும், ரத்த வகை எல்லாம் அதுல தான் இருக்கு.

இதோட சம்பந்தம் இல்லாத மாதிரி தெரியும் ஆனா இருக்கு: இரும்பு குளிசைய தேத்தண்ணியோட போடாதீங்க. தேயிலை அந்த இரும்ப உடம்புல சேர விடாது. நம்ம பக்கம் காலைல பிளேன்டீயும் குளிசையும் ஒன்னா போட்டுட்டு தலசுத்துதுன்னு வர்றவங்க தான் நெறைய. ஒரு மணித்தியாலமாவது இடைவெளி விடுங்க.


கொரியாவுல இருந்து:

நான் பண்டாரவளை, இப்ப கொரியாவுல வேலை. இங்க சோல் ட்ரெய்ன்ல கர்ப்பிணிகளுக்குன்னு சீட் ரோஸ் கலர்ல தனியா தெரியும், 2013 ல தொடங்கினதாம். மாசமா இருக்குற ஆளுக்கு அரசாங்க சுகாதார நிலையத்துல ஒரு பேட்ஜ் குடுப்பாங்க, பேக்ல தொங்க விட்டா போதும், வாய் திறக்க தேவையில்ல. புசான்ல ஒரு படி மேல போய், அந்த ஆள் சின்ன கருவி ஒன்ன வச்சிருந்தா கிட்ட வரும்போது சீட் பக்கத்துல லைட் எரியும். அப்பிடி இருந்தும் ரோஸ் சீட்ல ஆம்பளைங்க இருந்து ஃபோன் நோண்டுறத நான் பாக்குறேன், அத பத்தி இங்கயும் சண்டை தான். சீட்ட காலியாவே விட்டு வைக்கணுமா, ஆள் வந்தா எழும்பினா போதுமான்னு. ஆக கலர் அடிச்சதால மட்டும் ஒன்னும் ஆகல. நம்ம ஊர்ல சீட்ட காலியா விடுற கதை நடக்காது, பொகவந்தலாவ பஸ்ல காலி சீட்ட பாத்தா டிரைவருக்கே சந்தேகம் வரும். ஆனா பேட்ஜ் நல்லா இருக்கும்னு நினைக்கிறேன், கிளினிக்லயே குடுக்கலாம்.


நோர்வுட் ரோட்டு மிஸ்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்ளோ பேர் எழுதுவீங்கன்னு நினைக்கல. பேட்ஜ் போட்டா எங்க மாமி என்னய வீட்டுக்குள்ள எடுக்க மாட்டாங்க அண்ணா. கண்டக்டர் அண்ணா சொன்னத தான் செய்ய போறேன், டிக்கட் எடுக்கும்போது சொல்றது எனக்கு தோணவே இல்ல. தேத்தண்ணி கதைய வாசிச்சிட்டு அவருக்கும் காட்டினேன், நான் அப்பிடி தான் போட்டுக்கிட்டு இருந்தேன்.

இன்னும் ஒன்னு கேக்கணும். அடுத்த மாசம் கண்டியில ஸ்கேன் ஒன்னுக்கு போகணும். பஸ்ல போறதா ட்ரெய்ன்லயா? பக்கத்து சீட்ல சிங்கள ஆளுங்க இருந்தா எப்பிடி கேக்குறதுன்னும் சொல்லுங்க, எனக்கு சிங்களம் வாசிக்க வரும், பேச வராது.


கொட்டகலையான்:

ட்ரெய்ன் தான் மிஸ். முடக்கு ஆட்டம் இல்ல, எழும்பி நடக்கலாம், டொய்லட் இருக்கு. பொடி மெனிக்கே கண்டி ஸ்டேஷனுக்கே போகும், உடரட்ட மெனிக்கேல ஏறிறாதீங்க, அது கண்டிக்கு போகாம பேராதனை சந்தியோட கொழும்பு பக்கம் திரும்பிரும், அங்க இருந்து பஸ் புடிக்கணும். புக் பண்ணி போங்க, புக்கிங் ஒரு மாசத்துக்கு முன்ன திறக்கும், சீட் நம்பர் இருந்தா யாருக்கும் கெஞ்ச தேவையில்ல. பிந்தினா கிடைக்காது, எல்ல ஊருக்கு போற டூரிஸ்ட் கூட்டம் அள்ளிரும். புக் இல்லாம மூணாம் வகுப்புல ஏறினா வாசல்ல தொங்கி ஃபோட்டோ எடுக்குற கூட்டத்த தாண்டி உள்ள போங்க, வாசல்ல தான் நெரிசல், உள்ள நடுவுல கொஞ்சம் இடம் இருக்கும். வெள்ளக்காரங்கன்னா "ப்ரெக்னன்ட்" ஒரு வார்த்தை போதும், குதிச்சு எழும்புவாங்க. போறதுக்கு முன்ன ஸ்டேஷனுக்கு ஒரு கோல் எடுத்து ட்ரெய்ன் ஓடுதான்னு கேட்டுக்கங்க, மண்சரிவு வந்தா நம்ம லைன் தான் முதல்ல நிக்கும்.


சில்லற தாங்க:

சிங்களத்துல இப்பிடி சொல்லுங்க மிஸ்: "மல்லி, மட்ட டிக்கக் இந்தகன்ன புளுவந்த?" பொம்பள புள்ளைன்னா மல்லிக்கு பதிலா நங்கி. காரணம் கேக்க மாட்டாங்க, சிரிச்சிக்கிட்டு சொன்னா போதும். பஸ்ல போறதா இருந்தா ஹட்டன் ஸ்டேண்ட்ல ஏறுங்க, நடு வழியில ஏறாதீங்க, டைம் கீப்பர்கிட்ட அடுத்த பஸ் எப்பன்னு கேட்டு நிறைஞ்ச பஸ்ஸ விட்டுட்டு காலி பஸ்ல இருங்க. கண்டக்டர் யாராவது மரியாத இல்லாம நடந்தா பஸ் நம்பரையும் நேரத்தையும் எழுதி வச்சிக்கங்க. மாகாணம் விட்டு மாகாணம் ஓடுற பஸ்ஸுன்னா 1955 க்கு முறைப்பாடு குடுக்கலாம், அது போக்குவரத்து ஆணைக்குழு. சிடிபி, அதான் அரசாங்க பஸ்ஸுன்னா 1958. நம்ம பக்கத்து சின்ன ரூட் பஸ்ஸுன்னா அது மாகாண அதிகார சபை வேலை. நானே கண்டக்டரா இருந்துக்கிட்டு சொல்றேன், குடுங்க, பயப்படாதீங்க, நல்லா ஓடுறவங்களுக்கு அதால ஒன்னும் ஆகாது.


சும்மா ஒரு ஆள்:

அப்ப நான் எழும்பணுமா இல்லையா, அதுக்கு மட்டும் ஒருத்தரும் நேரா பதில் சொல்லல.


ரெண்டு புள்ள அம்மா:

கித்துல்கல வரைக்கும் தூங்கியிருப்பீங்க தானே தம்பி. அதுக்கு பிறகு எழும்புங்க.